பிஎஸ்எல்வியா, ஜிஎஸ்எல்வியா? நாவிக் செயற்கைக்கோளுக்கு எந்த ராக்கெட் பொருத்தம்

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் கரையைவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடினாலே சர்வதேச எல்லைக் கோடு கிட்டத்தில் வந்துவிடும். அங்கே படகில் இருக்கும் கருவி காட்டும் இடம் சரியாக இருந்தாக வேண்டும். இந்தியாவின் சொந்த வழிகாட்டு அமைப்பான நாவிக் இந்தக் கரைக்குத் தோதானது. கிழக்குத் தீர்க்கரேகை 83 டிகிரியில் நிற்கும் அதன் செயற்கைக்கோள் ராமேசுவரத்தில் இருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் சுமார் 78 டிகிரி உயரத்தில் இருக்கும். படகின் கேபினோ கொடிமரமோ அதன் சிக்னலை மறைக்க வழியில்லை. ஆனால் இடத்தைக் கணக்கிட ஒரு செயற்கைக்கோள் போதாது, ஒரே நேரத்தில் குறைந்தது நான்கு தெரிய வேண்டும். ஒரு ஏவுதல் தவறினால் அந்த எண்ணிக்கையில்தான் அடி விழும். (மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை தரும் ஜெமினி கருவி நாவிக்கில் இயங்குவதில்லை, ககன் என்ற வேறொரு அமைப்பின் வழியாக இயங்குகிறது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

2013 ஜூலை 1 முதல் 2018 ஏப்ரல் வரை நாவிக்கின் முதல் தலைமுறையான ஐஆர்என்எஸ்எஸ் வரிசையின் ஒன்பது செயற்கைக்கோள்களும் இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் எக்ஸ்எல் ரகத்தில் ஏறின. 2023 மே 29-இல் இரண்டாம் தலைமுறையின் முதல் செயற்கைக்கோளான என்விஎஸ்-01, இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான ஜிஎஸ்எல்வியில் (எஃப்12) போனது. ஏன் மாறினார்கள், மாறியதில் என்ன கிடைத்தது, என்ன சுமை கூடியது என்பதுதான் கேள்வி.

எங்கே கொண்டுபோய் விடுகிறது

பெரிய வித்தியாசம் இதுதான், பலரும் கவனிக்காததும் இதுதான். இரண்டு ராக்கெட்டுமே செயற்கைக்கோளை அது நிற்க வேண்டிய 36,000 கிலோமீட்டர் வட்டப்பாதையில் விடுவதில்லை. நீள்வட்டத்தில் விட்டுவிடும், மீதித் தூரத்தைச் செயற்கைக்கோள் தன் சொந்த எஞ்சினை எரித்து ஏற வேண்டும். பிஎஸ்எல்வி விட்ட நீள்வட்டத்தில் பூமிக்கு மிக அருகில் வரும் அண்மைப் புள்ளி சுமார் 284 கிலோமீட்டர், மிகத் தொலைவில் போகும் சேய்மைப் புள்ளி 20,650 கிலோமீட்டர். ஜிஎஸ்எல்வி சேய்மைப் புள்ளியை 36,000-க்கும் மேலே கொண்டுபோய்விடும்.

இந்தக் குறை எவ்வளவு பெரியது? 20,650-இல் இருந்து 36,000-க்குச் சேய்மைப் புள்ளியை உயர்த்த மட்டும் விநாடிக்கு ஏறத்தாழ 370 மீட்டர் வேகம் கூட்ட வேண்டும். 1,425 கிலோ எடையுள்ள முதல் நாவிக் செயற்கைக்கோள் ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ-க்கு இதற்கே சுமார் 160 கிலோ எரிபொருள் செலவு. அந்தச் செயற்கைக்கோளின் எரிபொருள் இல்லாத எடை 614 கிலோதான். மேலே போனதில் பாதிக்கு மேல் எரிபொருள். கடிகாரத்துக்கும் ஆன்டெனாவுக்கும் சூரியத் தகடுக்கும் இடம் எவ்வளவு நெருக்கடியாகியிருக்கும் என்பது இதிலேயே தெரியும்.

என்விஎஸ்-01-இன் எடை 2,232 கிலோ. எல்5, எஸ் அலைவரிசைகளோடு எல்1-உம் சேர்ந்தது, அகமதாபாத்தில் உருவான ருபிடியம் அணுக்கடிகாரம் ஏறியது, ஆயுள் 10 ஆண்டிலிருந்து 12 ஆனது. இதில் எல்1 நம் கரைக்கு முக்கியம். ஜிபிஎஸ் பொதுமக்களுக்குத் தரும் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸ் அது. கைப்பேசிக்கும் விலை குறைந்த படகுக் கருவிக்கும் நாவிக் வர வழி அதுவே. பிஎஸ்எல்வியில் இந்த எடையை ஏற்ற வழியே இல்லை.

தரையில் நடக்கும் வேலை

தயாரிப்பு எளிமையில் பிஎஸ்எல்விக்கு நிகரில்லை. 44.4 மீட்டர் உயரம், 320 டன். முதல் அடுக்கு ஐந்து துண்டுகளாக வரும் திண்ம மோட்டார், சுற்றிலும் தலா 12 டன் திண்ம எரிபொருளோடு ஆறு பக்க மோட்டார்கள். திண்ம எரிபொருள் முன்கூட்டியே வார்த்து, எக்ஸ்-ரே பார்த்து வைத்தது, தளத்தில் நிரப்ப ஒன்றுமில்லை. நிரப்ப வேண்டியவை இரண்டாவது, நான்காவது அடுக்குகள் மட்டுமே. இரண்டாவதில் போகும் நைட்ரஜன் டெட்ராக்சைடு 21 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். ஸ்ரீஹரிகோட்டாவின் கடலோர வெயிலில் அதைக் குளிர்வித்தே கையாள வேண்டும். மூச்சில் பட்டாலே நுரையீரலைக் கெடுக்கும் நச்சு. நிரப்புகிறவர்கள் தனிக் காற்று வரும் முழு உடல் கவச உடையில்தான் நிற்பார்கள். ஆனால் நிரப்பி மூடிவிட்டால் அது நிலையாக இருக்கும், ஏவுதல் சில மணி நேரம் தள்ளிப்போனாலும் கவலையில்லை.

ஜிஎஸ்எல்வி 51.7 மீட்டர், 420 டன். நடுவில் திண்ம மோட்டார், பக்கங்களில் தலா 40 டன் திரவ எரிபொருளோடு எல்40 எனப்படும் நான்கு பக்க ராக்கெட்டுகள், அதற்கு மேல் திரவ இரண்டாம் அடுக்கு, உச்சியில் கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் அடுக்கு. ராக்கெட்டைக் கட்டடத்துக்குள் அடுக்கி, ஏவு பீடத்தோடு தண்டவாளத்தில் நகர்த்தித் தளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். உச்சி அடுக்குதான் உயிரை எடுக்கும் வேலை. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி, திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. இவற்றைக் கடைசி மணி நேரங்களில்தான் ஏற்ற முடியும். முதலில் குழாய்களையும் தொட்டிகளையும் மெல்லக் குளிர்விக்க வேண்டும். உள்ளே காற்றோ ஈரமோ மிச்சமிருந்தால் உறைந்து வால்வை அடைக்கும், அதனால் ஹீலியத்தால் துரத்த வேண்டும். நிரப்பிய பிறகும் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் ஏவும் வரை மேலூற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கவுண்ட்டவுன் நேரத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ-க்கு 64 மணி 30 நிமிடம், என்விஎஸ்-01-க்கு 27 மணி 30 நிமிடம். இதைப் பார்த்தால் ஜிஎஸ்எல்வி சுலபம் போலத் தெரியும். பிஎஸ்எல்வி சி39-க்கே 29 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். எந்த வேலையைக் கவுண்ட்டவுனுக்கு முன்பே முடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

பற்றவைக்கும் நொடி

இதில் ஜிஎஸ்எல்விக்கு ஒரு நல்ல குணம். நான்கு எல்40 எஞ்சின்களும் 4.8 விநாடி முன்னதாகவே பற்றவைக்கப்படும். கணினி அவற்றின் அழுத்தத்தைப் பார்த்த பிறகே நடுத் திண்ம மோட்டாருக்கு நெருப்பு. 2001 மார்ச் 28-இல் முதல் ஜிஎஸ்எல்வியில் ஒரு எல்40 போதிய உந்துவிசை தரவில்லை, ராக்கெட் தானாகவே நின்றது. ஏப்ரல் 18-இல் அதே ராக்கெட் பறந்தது. பிஎஸ்எல்வியில் அந்த வாய்ப்பு இல்லை. திண்ம மோட்டார் பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது.

இதற்கு ஜிஎஸ்எல்வி கொடுக்கும் விலை, நடு மோட்டார் எரிந்து தீர்ந்த பிறகும் எல்40 எரிந்துகொண்டே இருக்கும். காலியான பெரிய இரும்புக் கூட்டை அதுவரை சுமந்தே போக வேண்டும்.

எதில் என்ன கெட்டது

நாவிக் வரிசையில் பிஎஸ்எல்வி ஒரே ஒருமுறை ஏமாற்றியது. 2017 ஆகஸ்ட் 31, சி39. செயற்கைக்கோளை மூடியிருக்கும் வெப்பக்கவசம் பிரியவில்லை. அந்தக் கூடுதல் எடையோடு போக வேண்டிய உயரத்தை எட்டாமல், ஐஆர்என்எஸ்எஸ்-1ஹெச் கவசத்துக்குள்ளேயே அடைபட்டுப் போனது.

ஜிஎஸ்எல்வியின் கணக்கு நீளம். 2013 ஆகஸ்ட் 19-இல் ஜிஎஸ்எல்வி டி5 புறப்பட ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கையில் இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிந்தது. தொட்டியின் அலுமினியக் கலவையில் அரிப்பு விரிசல் என்று கண்டு, வேறு கலவையில் செய்த தொட்டியைப் பொருத்தி 2014 ஜனவரி 5-இல் ஏவினார்கள். 2021 ஆகஸ்ட் 12-இல் எஃப்10-இன் கிரையோ எஞ்சின் பற்றவே இல்லை. ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தம் காக்கும் வால்வு கசிந்து, அழுத்தம் இறங்கியதே காரணம். கிரையோஜெனிக்கில் இப்படித்தான், சின்ன வால்வு ஒன்று முழுப் பயணத்தையும் தின்றுவிடும். முதல் நாவிக் வரிசையை 1,425 கிலோவுக்குள் அடக்கி பிஎஸ்எல்விக்குக் கொடுத்தது அந்தக் காலத்துக்குச் சரியான முடிவு என்றே சொல்வோம். 2010-இல் அடுத்தடுத்து இரண்டு ஜிஎஸ்எல்விகள் விழுந்திருந்தன.

இன்றைக்கு ஜிஎஸ்எல்விதான் சரி. எல்1-உம் உள்நாட்டுக் கடிகாரமும் வேண்டுமென்றால் வேறு வழியில்லை. பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் தளம் வருகிறதே, அங்கிருந்து ஏவலாமே என்ற கேள்வி இந்தக் கரையில் அடிக்கடி வரும். அது பூமிக்கு அருகிலுள்ள தாழ்பாதைக்கு 500 கிலோ ஏற்றும் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்விக்கான இடம், தெற்கு நோக்கி ஏவுவதற்கு வாகானது. நாவிக் கிழக்கு நோக்கிப் போக வேண்டும். குலசையிலிருந்து கிழக்கே போனால் இலங்கையின் மேல்தான் பறக்க வேண்டும்.

ராக்கெட் சரியாகப் போனதோடு வேலை முடிந்தது என்று நினைக்கவும் வேண்டாம். 2025 ஜனவரி 29-இல் ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாக ஜிஎஸ்எல்வி எஃப்15 என்விஎஸ்-02-ஐக் கொண்டுபோய்ச் சரியான நீள்வட்டத்தில் விட்டது. அதன் பிறகு செயற்கைக்கோளின் எஞ்சினுக்கு, எரிபொருளை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றியை விடும் வால்வு திறக்கவில்லை, 36,000 கிலோமீட்டர் வட்டப்பாதைக்கு ஏற முடியாமல் போனது. அடுத்த என்விஎஸ் ஏவுதலின்போது தொலைக்காட்சியில் கைதட்டல் கேட்டதும் எழுந்துவிடாதீர்கள். செயற்கைக்கோள் பிரிந்த பிறகு வரும் நாட்களில் அதன் எஞ்சின் முதல்முறை எரிந்ததா, சேய்மைப் புள்ளியில் அண்மைப் புள்ளியை உயர்த்தினார்களா என்ற அறிவிப்பைத் தேடிப் பாருங்கள்.