ஸ்பீக்கருக்குப் புது ஓரம்: 8 இன்ச் ஃபோம் கிட் வாங்கி ஒட்டிய கதை

ஏற்காட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஸ்பீக்கருக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் வீட்டில் இருக்கும் ஜோடி ஸ்பீக்கருக்கு எங்கள் கல்யாணத்தைவிட வயது அதிகம். வீட்டுக்காரருக்கு அதைக் கேட்கத் தெரியும், திறக்கத் தெரியாது. போன வருடம் தவில் சத்தம் வரும்போதெல்லாம் காய்ந்த ஓலையைத் தட்டுவது போல் ஒரு படபடப்பு கேட்க ஆரம்பித்தது. முன்பக்கத் துணி வலையைக் கழற்றிப் பார்த்தேன். வூஃபரில், அதாவது அடிச்சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கரில், முன்னும் பின்னும் அசையும் காகிதக் கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் விரல் பட்டதும் ஊறின ரஸ்க் மாதிரி உதிர்ந்து கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

பழைய ஃபோம் ஓரங்களின் கதி இதுதான். காற்றில் இருக்கும் ஈரமே அந்தப் பாலியூரித்தேனைச் சிதைத்துவிடும். பாட்டே போடாமல் மூடி வைத்திருந்தாலும் 15, 20 வருடத்தில் போய்விடும். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிற ஊரில் இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது.

சேலத்தில் ஒரு கடையில் கேட்டேன். பிரித்துக்கூடப் பார்க்காமல், கோன், அதன் பின்னால் காந்தத்துக்குள் நிற்கும் கம்பிச் சுருளான காயில், எல்லாமே மாற்ற வேண்டும், ஒன்றுக்கு 1,800 ரூபாய் என்றார்கள். வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரில் காயிலின் மின்தடையை அளந்து பார்த்தால் ஒன்று 6.2 ஓம், இன்னொன்று 6.4. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அப்படித்தான் காட்ட வேண்டும், காயில் நன்றாக இருக்கிறது. கோனிலும் கிழிசல் இல்லை. ஓரம் நைந்த பாவாடைக்கு ஓரத்தைத்தானே மாற்றுவோம்? ஆன்லைனில் 850 ரூபாய்க்கு கிட் வாங்கிவிட்டேன்.

உள்ளே இரண்டு ஃபோம் வளையம், சின்ன பாட்டிலில் வெள்ளைப் பசை, நடுவில் ஒட்ட இரண்டு மூடி, மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள் நான்கு. வளையத்தைப் பற்றிக் குறையே இல்லை. வெட்டு சுத்தம், வளைவு எங்கும் ஒரே சீர். ஒன்று மட்டும் கவனியுங்கள்: 8 இன்ச் என்று சொல்லி வாங்காதீர்கள். 8 இன்ச் என்பது வெளிச் சட்டத்தின் அளவு, அதற்குள் கோன் ஆளுக்கு ஒரு அளவில் இருக்கும். என்னுடையது 15 சென்டிமீட்டர். இன்ச் டேப்பால் மூன்று தடவை அளந்து, விற்பவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகுதான் பணம் கட்டினேன்.

பழைய பசையைச் சுரண்டவே இரண்டு ராத்திரி ஆனது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, ஊறவிட்டு, மழுங்கின பிளேடால் வழிக்க வேண்டும். கோன் காகிதம், அதிகம் நனைக்கக் கூடாது. குண்டூசி டப்பாவை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டேன். வூஃபர் காந்தம் பக்கத்தில் வந்தாலே ஊசிகளுக்கு ஆசை வந்துவிடுகிறது. ஒன்று காயில் இடைவெளிக்குள் போனால் கதை முடிந்தது.

ஒட்டுவது கிட்டத்தட்ட வட்டக் கழுத்துக்குப் பைப்பிங் வைப்பதுதான். நான்கு பக்கம் குறி வைத்து, இழுக்காமல், சுருங்காமல் சமமாகப் பகிர வேண்டும். முதலில் உள் விளிம்பைக் கோனோடு ஒட்டிக் காயவிட்டு, அப்புறம் வெளி விளிம்பைச் சட்டத்தோடு ஒட்ட வேண்டும். அப்போது காயில் நட்டநடுவில் நிற்க வேண்டும், இல்லையென்றால் காந்தத்தில் உரசிக் கரகரக்கும். அதற்காகத்தான் நடு மூடியை அறுத்தெடுத்து அந்தப் பட்டைகளைச் செருகுவது. கிட்டில் வந்தவை என் ஸ்பீக்கருக்கு மெல்லிசு, ஆடின. புதுச்சட்டைக் காலருக்குள் வைக்கிற பிளாஸ்டிக் பட்டையை வெட்டிப் போட்டேன், கச்சிதமாக நின்றது.

பசைதான் மோசம். காகிதத்தில் பிடித்தது, இரும்புச் சட்டத்தில் பிடிக்கவில்லை. ஆடி மாதம், வெளியே சாரல். மூன்று நாள் கழித்தும் தொட்டால் வழுக்கியது. கடைசியில் இரண்டு வூஃபரையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அஸ்தம்பட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். "என்னக்கா, இட்லிக் குண்டானா?" என்றாள். அவள் வீட்டு மொட்டை மாடி அறையில் ஒரே பகலில் கல் மாதிரி இறுகியது.

திரும்ப மாட்டிப் பாட்டுப் போட்டால் அடிச்சத்தமே இல்லை. கிட்டைத் திட்டித் தீர்த்தேன். தப்பு என்னுடையது. ஒரு பக்கம் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒரு கோன் முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுத்தால் அடிச்சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் ஒரு நொடி தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். உள்ளே போன பக்கத்தை மாற்றினேன், சரியாகிவிட்டது.

எங்களுடையது முழுக்க மூடிய பெட்டி. 1954இல் எட்கர் வில்ச்சர் அமெரிக்காவில் கொண்டுவந்த முறை, உள்ளே அடைபட்ட காற்றுதான் ஸ்பிரிங் என்று வீட்டுக்காரர் பாடம் எடுத்தார். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: கோனை மெதுவாக அழுத்திவிட்டால் நிதானமாகத் திரும்ப வேண்டும். வெடுக்கென்று திரும்பினால் எங்கோ காற்று கசிகிறது. வலதில் கசிந்தது, சட்டத்துக்கு அடியில் ஃபோம் டேப் ஒட்டியதும் நின்றது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வளையத்துக்காக வாங்கலாம், பசையை நம்ப வேண்டாம். கிராஸ்ஓவரில் (சத்தத்தை வூஃபருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்) இருக்கும் பழைய நான்-போலார் (பிளஸ், மைனஸ் பேதம் இல்லாத) கெபாசிட்டர்களை இன்னும் தொடவில்லை, அது பனிக்காலம் முடிந்து. இடது ஸ்பீக்கரின் நடு மூடி கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துவிட்டது. வலையை மாட்டினால் தெரியாது.