680 வெள்ளி கொடுத்துக் குளிரில் நடுங்கினேன்: ஹீட்டர் ஜாக்கெட் வாங்குபவர்கள் கவனம்

நேற்று ராத்திரி பட்டர்வொர்த் ரயிலடியில் இறங்கும்போதும், மோட்டார் சைக்கிளில் போகும்போது குளிராமல் இருக்க மின்சாரத்தில் சூடாகும் அந்த ஜாக்கெட் என் கையில்தான் இருந்தது. கோலாலம்பூர் வரை போய், கடைக்காரர்களிடம் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி, ஒரு காசு திரும்பவில்லை. போனது 680 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ரயில் டிக்கெட் தனி. கடைப் பெயரைப் போடவில்லை; ஹெல்மெட், கையுறை, மழைக்கோட்டு விற்கும் ஒரு மாடிக்கடை, அவ்வளவுதான் சொல்வேன்.

பினாங்குக்காரனுக்கு எதற்கு ஹீட்டர் சட்டை என்று சிரிக்க வேண்டாம். மின்விசிறி இல்லாமல் கண்ணயராத ஆள் நான், வீட்டுக்காரி ஏற்கெனவே போதுமான அளவு சிரித்துவிட்டாள். டிசம்பர் கடைசியில் நாங்கள் நாலு பேர் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டி மோட்டாரிலேயே சியாங் மாய் போனோம். அங்கிருந்து டோய் இந்தனோன், 2,565 மீட்டர், தாய்லாந்தின் உயரமான மலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி இறங்கும். கீழே விடிகாலையில் 17 என்றால் உச்சியில் மூன்றோ நாலோதான். அதற்கு மேல் காற்று வேறு. 5 டிகிரியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், உடம்புக்கு மைனஸ் 3 மாதிரி உறைக்கும். இதெல்லாம் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். படித்தும் ஏமாந்தேனே, அதுதான் வயிற்றெரிச்சல்.

நவம்பரில் பத்துமலையில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு அப்படியே கடைக்கு ஏறினேன். கவுண்டரில் நம்ம பையன், இருபத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் விபூதி. கீழே ஒரு மோட்டார் பேட்டரியை வைத்து அதில் ஜாக்கெட்டை மாட்டியிருந்தார்கள். "போட்டுப் பாருங்கண்ணே" என்று அவனே ஜிப்பை இழுத்துவிட்டான். இரண்டு நிமிடத்தில் முதுகு, பிடரி, நெஞ்சு எல்லாம் இதமாகச் சூடு பரவியது. வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே எனக்கு வேர்த்து ஊற்றுகிறது, ஆனாலும் கழற்ற மனசில்லை.

"இதைப் போட்டுக்கிட்டுத்தாண்ணே நானே டோய் இந்தனோன் போனேன். உள்ளே பனியன் மட்டும்தான்" என்று கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினான். மோட்டார் பக்கத்தில் ஓர் ஆள், தலையில் ஹெல்மெட், முகம் தெரியவில்லை. அது யாராகவும் இருக்கலாம் என்று அப்போது உறைக்கவே இல்லை. நம்ம பையன், அண்ணே அண்ணே என்கிறான், நெற்றியில் விபூதி. சரி என்றேன். ஜாக்கெட் 480, அதே மாதிரி சூடாகும் கையுறை 200. "டிஸ்பிளே பீஸ் அழுக்காயிருக்குண்ணே, புதுசு தர்றேன்" என்று பின்பக்கத்திலிருந்து ஒட்டிய பெட்டிகளைக் கொண்டுவந்தான். பிரித்துப் பார்க்காமல் 680 வெள்ளியைக் கட்டினேன்.

வீட்டில் திறந்தால் வயரின் முனையில் கைத்தொலைபேசி சார்ஜருக்கு இருக்கிற மாதிரி யுஎஸ்பி. மோட்டாரில் மாட்ட ஒரு சின்ன அடாப்டர். போன் போட்டேன். "புது மாடல்ணே, எல்லாம் ஒண்ணுதான்." போட்டும் பார்த்தேன், சூடாகத்தான் இருந்தது. பட்டர்வொர்த்தில் எந்தச் சட்டையைப் போட்டாலும் சூடாகத்தான் இருக்கும் என்று பிறகுதான் புத்தி வந்தது.

மலையில் இருபதாவது நிமிடம் கையுறை அணைந்தது. ஜாக்கெட்டில் முதுகில் ஒரே இடத்தில் மட்டும் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி சுட்டது, நெஞ்சு ஐஸ். இடது கை விரல்கள் கிளட்ச்சைப் பிடிக்க மறுத்தன. ஓரமாக நிறுத்தி, இன்ஜின் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கூட வந்தவர் பேட்டரியிலிருந்து நேராக இழுக்கும் பழைய ஜாக்கெட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவு ஓட்டல் அறையில் கழுத்து லேபிளைப் பார்த்தேன். மோட்டார் பேட்டரிக்கு ஏற்ற 12 வோல்ட் என்ற ஸ்டிக்கரின் ஓரம் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் 5 வோல்ட், 2 ஆம்பியர். அதாவது வெறும் 10 வாட். மோட்டார் பேட்டரியில் நேராக மாட்டும் ஜாக்கெட் 60 முதல் 100 வாட் வரை இழுக்கும். ஆத்திரத்தில் கத்தரிக்கோலால் உள்துணியைக் கிழித்தேன். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று திட்டுகள், வேறெங்கும் ஒன்றுமில்லை. ஒரு திட்டுக்கு நேரே என் பனியனில் பத்து காசு அளவுக்குப் பழுப்பாகக் கருகியிருந்தது.

வாட்ஸாப்பில் கேட்டேன். முதலில் "குளிர் உடம்புக்கு உடம்பு மாறும்ணே." மறுநாள் "பாஸ் ஊரில் இல்லை." அப்புறம் "சப்ளையரைக் கேட்டுச் சொல்றேன்." அதற்கப்புறம் நீல டிக் மட்டும். கடைசியில் ஒற்றை டிக். நேற்று நேரில் போனால் அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டானாம். இருந்த பெண்மணி, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று சுவரில் ஒட்டிய மலாய் அறிவிப்பைக் காட்டினார். ரசீதில் "உடை, 2" என்றுதான் இருக்கிறது, ஹீட்டர் என்ற பேச்சே இல்லை. அதோடு, "நீங்களே கிழிச்சிட்டீங்க, வாரண்டி போச்சு." 680 வெள்ளி!

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதித் தருகிறேன் என்று கூட்டாளிகளிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கெல்லாம் பொறுமை இல்லை. எத்தனை வோல்ட், எத்தனை வாட் என்று கேட்டு அதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். போட்டுப் பார்த்த பீஸையே வாங்குங்கள், அழுக்காக இருந்தால் துவைத்துக்கொள்ளலாம். பேட்டரியில் மாட்டும் வயரில் ஃபியூஸ் இருக்கிறதா பாருங்கள். சின்ன மோட்டாரில் அவ்வளவு மின்சாரம் மிச்சம் இருக்காது, மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜாக்கெட் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், மேலே காற்றுப் புகாத கோட்டு. கத்தரிக்கோலைத் தொடாதீர்கள்.

சுவரில் எதை ஒட்டினாலும் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை போகாது. திங்கட்கிழமை 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போடுகிறேன். ஜாக்கெட்டும் உரித்த ஸ்டிக்கரும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கையுறைதான் இல்லை. "செக் பண்ணி அனுப்புறோம்" என்று அந்தப் பெண்மணி நேற்று வாங்கி உள்ளே வைத்துவிட்டார். அதற்குத் துண்டுச் சீட்டுகூட வாங்காமல் வந்திருக்கிறேன்.