ஆளுக்கு 55 ஆகியிருக்க வேண்டும், வண்டிக்கு 10 தாண்டியிருக்கக் கூடாது

எனக்கு 58. மனைவிக்கு 53. நடமாடும் வீடான எங்கள் டிரெய்லருக்கு 15. அரிசோனாவில் குளிர்காலத்தைக் கழிக்க இடம் தேடியபோது இந்த மூன்று எண்களையும் எத்தனை பேரிடம் ஒப்பித்தேன் என்று கணக்கே இல்லை.

முதலில் கூப்பிட்டது மேசா என்ற ஊர்ப் பக்கத்தில், இப்படி வண்டியை நிறுத்திக் குடியிருக்க இடம் தரும் ஒரு பெரிய பார்க்கை. போனை எடுத்த அம்மாள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"உங்களில் யாருக்காவது 55 ஆகிவிட்டதா?"

"எனக்கு ஆகிவிட்டது."

"ரொம்ப சந்தோஷம். வண்டி எந்த வருஷம்?"

"2009."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பத்து வருஷத்துக்கு மேல் ஆன வண்டிகளை நாங்கள் எடுப்பதில்லை. நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம்."

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீடு எப்படி அமர்க்களப்படும், அப்படி ஒரு சனிக்கிழமை முழுக்க டிரெய்லரைத் தேய்த்துக் கழுவி, வெயில் சாயும் நேரமாகப் பார்த்து, நல்ல பக்கம் தெரியும்படி படம் எடுத்து அனுப்பினோம். நாலு நாள் கழித்து சம்மதம் வந்தது.

பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆர்வி என்பது படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாவற்றோடும் ஊர் ஊராகப் போகும் வீடு. மோட்டார்ஹோம் என்றால் தானே ஓடும். எங்களுடையது பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுக்கும் 27 அடி டிரெய்லர். இதை நிறுத்த இடமும், மின்சாரம், தண்ணீர், சாக்கடை இணைப்பும் தருவது ஆர்வி பார்க். மினசோட்டா, விஸ்கான்சின், கனடா என்று பனி கொட்டும் பக்கங்களிலிருந்து கிளம்பி அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடாவில் குளிர்காலத்தை ஓட்டிவிட்டுத் திரும்பும் ஓய்வுபெற்றவர்களுக்கு ஸ்னோபேர்ட் என்று பெயர். மினியாபொலிஸ்காரர்களான நாங்கள் இதில் கத்துக்குட்டிகள்.

மூன்று வகை இடங்களில் இருந்து பார்த்தோம்: மேசாவில் 55 வயது ஆனவர்களுக்கான 55+ பார்க், எல்லா வயதினருக்குமான பார்க், குவார்ட்ஸ்சைட் பாலைவனத்தில் அரசு நிலம். இவற்றின் குணம் தெரிய விளம்பரத்தைப் படிக்க வேண்டியதில்லை. அங்கே போய் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்தாலே தெரிந்துவிடும்.

55+ பார்க்கில் ரிவர்ஸ் கியர் போட்டதுமே நாலு தாத்தாக்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். ஒருவர் வலது பக்கம் ஒடி என்று கை காட்டினார். இன்னொருவர் இல்லை இல்லை, இடது என்றார். மூன்றாமவர் கோல்ஃப் வண்டியில் வந்து எனக்கு நேர் பின்னால் நிறுத்திவிட்டு உத்தரவு போட்டார். நான்காமவர், 81 வயது என்று பிறகு தெரிந்தது, ஜன்னலோரம் வந்து "மெதுவாக வா, பையா" என்றார். கடைசியாக என்னை யார் பையா என்று கூப்பிட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை.

இந்த வகை பார்க்கின் ரகசியமே அதுதான். எல்லோருக்கும் வயதாகியிருப்பதால் யாருக்குமே வயதாகவில்லை. காலை காபி மேசையில் முதல் பத்து நிமிடம் முழங்கால், அடுத்த பத்து நிமிடம் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு. அப்புறம் அந்தப் பேச்சே கிடையாது. மரவேலைக் கூடம், கல் பட்டை தீட்டும் கூடம், டென்னிஸ் மாதிரி சின்ன மட்டையால் ஆடும் பிக்கிள்பால் மைதானம், நடன அரங்கு என்று பள்ளிக்கூட அட்டவணை மாதிரி நாள் ஓடுகிறது. 74 வயது அம்மாள் ஒருவர் பிக்கிள்பாலில் என்னை 11-க்கு 3 என்று தோற்கடித்துவிட்டு, கூடுதலாக ஆறுதலும் சொன்னார். முதுமையைப் பற்றி நல்லபடியாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை வருடம் அதிகம் வாழ்ந்தார்கள் என்று பெக்கா லெவி என்ற ஆய்வாளர் 2002-இல் எழுதினார். ஓஹியோவில் ஒரு சிற்றூரின் 660 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. அந்த மைதானத்தில் நின்றபோது அதை நம்ப எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

சரி, வெளியே தள்ளப்படுவது யார்? அமெரிக்காவில் வீடு தருவதில் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1968-இல் வந்தது. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காகவும் வீடு மறுக்கக் கூடாது என்று 1988-இல் சேர்த்தார்கள். அப்போதே முதியோர் குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கும் கொடுத்தார்கள். 1995-இல் அந்த விலக்கைப் பெறுவது இன்னும் சுலபமாயிற்று. குடியிருக்கும் இடங்களில் 80 சதவீதத்திலாவது 55 வயதான ஒருவர் இருக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்க்க வேண்டும். 62+ என்று இன்னொரு வகை உண்டு. அதில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் 62 ஆகியிருக்க வேண்டும். ஓரிரு இரவு தங்கிப் போகிறவர்கள் விஷயத்தில் இது எவ்வளவு பொருந்தும் என்பது வக்கீல்கள் பாடு. மாதக்கணக்கில் குடியிருக்கும் பார்க்குகள் இதை வைத்துத்தான் ஓடுகின்றன.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டம் காப்பாற்றுவது வயதை அல்ல. 30 வயது ஆளை வயதைக் காட்டித் திருப்பி அனுப்ப இந்தச் சட்டத்தில் எந்த விலக்கும் தேவையில்லை. விலக்கு தேவைப்படுவது பிள்ளைகளை மறுப்பதற்கு. ஆக 55+ என்ற பலகை முதியவர்களை வரவேற்கிறதோ இல்லையோ, குழந்தைகளை வேண்டாம் என்கிறது. எங்கள் பார்க்கில் பேரக்குழந்தை வருடத்துக்கு 14 நாள் தங்கலாம். நீச்சல் குளத்தில் அவர்களுக்கு 11 மணி முதல் 1 மணி வரை. எங்கள் பேரனுக்கு நாலு வயது. ஒரு மணிக்குக் குளத்தைவிட்டு வெளியே வா என்று அவனிடம் சொல்லும் வேலையை மனைவி என் தலையில் கட்டிவிட்டாள்.

பீனிக்ஸுக்கு மேற்கே யங்டவுன் என்று ஓர் ஊர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1954-இல் முதியவர்களுக்கென்றே தொடங்கிய ஊர் அது. அங்கே ஒரு தாத்தாவும் பாட்டியும், வீட்டில் அடி உதைக்கு ஆளான டீன்ஏஜ் பேரனைத் தங்களோடு வைத்துக்கொள்ள, ஊர் நிர்வாகம் வயது விதியைக் காட்டி எதிர்த்தது. விவகாரம் பெரிதாகி, 1998-இல் மாநில அட்டர்னி ஜெனரல் அந்த வயது விதியே செல்லாது என்று சொல்லிவிட்டார். இப்போது அந்த ஊரில் எல்லா வயதினரும் இருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வயதைக் காட்டி ஒதுக்குவதைக் குறிக்கும் 'ஏஜிசம்' என்ற சொல் பிறந்ததே இதற்கு நேர் எதிரான சண்டையில். 1969-இல் வாஷிங்டன் பக்கம் செவி சேஸ் பகுதியில் முதியவர்களுக்காக அடுக்குமாடி வரப்போகிறது என்றதும் அக்கம்பக்கத்தார் கூடாது என்று எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்புக்குப் பெயராகத்தான் மருத்துவர் ராபர்ட் பட்லர் அந்தச் சொல்லை உருவாக்கினார்.

அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "தகுதியான வயது இவருக்குத்தான் இருக்கிறது. இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் இங்கே இருக்கலாமா?" மேசைக்குப் பின்னாலிருந்த பெண் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "மிச்ச 20 சதவீதத்தில் இடம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்றாள். நான் அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்து, எல்லா வயதினருக்குமான பார்க். இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இங்கே ரிவர்ஸ் எடுத்தபோது ஒரே ஒருவன் வந்தான், 25 வயது இருக்கலாம். சோலார் பண்ணை வேலைக்காக ஆறு மாதமாக அங்கேயே குடியிருப்பவன். "சார், இறங்குங்கள், நான் போட்டுத் தருகிறேன்" என்றான். ஒரே வீச்சில் போட்டும் கொடுத்தான். நன்றி சொன்னேன். ராத்திரி வரைக்கும் மனசு சரியில்லை. என்னைக் கிழவனாக உணரவைத்தது அந்த நல்ல பையன்தான். தாத்தாக்கள் நாலு பேரும் சேர்ந்து அரை மணி நேரம் குழப்பியடித்தபோது அப்படித் தோன்றவில்லை.

மற்றபடி அது சாதாரணத் தெரு. காலையில் பள்ளி பஸ், மாலையில் சைக்கிள்கள், எங்கள் பெஞ்சில் முட்டி நின்ற ஒரு ஸ்கூட்டர், ஞாயிறு இரவு பத்தரை வரை பாட்டு. தூக்கம் லேசானவர்களுக்கு ஆகாது. வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. பேரன் வந்த வாரம் அவனுக்கு மூன்று சிநேகிதர்கள் கிடைத்தார்கள், குளத்தில் எந்த நேரக் கணக்கும் இல்லை. பேரப்பிள்ளைகள் அடிக்கடி வருவார்கள் என்றால் யோசிக்காமல் இதை எடுங்கள்.

ஆனால் இங்கேயும் வண்டியின் வருஷத்தைக் கேட்டார்கள்! பத்து வருட விதி சட்டமில்லை, தனியார் பார்க்குகள் தாங்களாகப் போட்டுக்கொண்டது. அவர்கள் சொல்லும் காரணத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. பழைய வண்டி ஒழுகும், ஓட்டை உடைசல் ஆகும், சிலர் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் இழுத்துப் போடும் செலவு பார்க்கின் தலையில். இருந்தாலும் 1960-களின் அலுமினிய ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் ஒன்று வந்து நின்றால் அதே ஆட்கள் வெளியே வந்து செல்ஃபி எடுக்கிறார்கள். பழசு வேறு, பழமை வேறு போலிருக்கிறது. என்னைக் கேட்டால், 55+ பலகையைவிட இந்த விதிதான் கடுமையானது. பிறந்த தேதியை யாரும் மாற்ற முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டியை மாற்றலாமே என்பார்கள். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் எத்தனை பேர் பத்து வருடத்துக்கு ஒருமுறை புது வண்டி வாங்குவார்கள்?

அவர்கள் எல்லோரும் எங்கே போகிறார்கள் என்பது குவார்ட்ஸ்சைட் போனதும் புரிந்தது.

பீனிக்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் ஐ-10 நெடுஞ்சாலையில் இருக்கும் சிற்றூர் குவார்ட்ஸ்சைட். அங்கே லா போசா என்ற பாலைவனப் பரப்பை நில மேலாண்மைத் துறை நீண்டகாலத் தங்குமிடமாக ஒதுக்கியிருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதத்துக்கும் சேர்த்து நாங்கள் கட்டியது 180 டாலர். மேசாவில் ஒரு மாதத்துக்கு 1,150 டாலர், மின்சாரம் தனி. இந்த 180-க்கு மின்சாரம் கிடையாது, இணைப்பு கிடையாது. தண்ணீர் பிடிக்க ஓரிடம், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஓரிடம், குப்பை போட ஓரிடம், அவ்வளவுதான். கூரையில் சோலார் பலகை இல்லையென்றால் ஜெனரேட்டர்.

இங்கே ரிவர்ஸ் எடுக்கவே வேண்டியதில்லை. முன்னாலேயே ஓட்டிக்கொண்டு போய், பிடித்த இடத்தில் நிறுத்த வேண்டியதுதான். என் வயதை யாரும் கேட்கவில்லை, வண்டியின் வயதையும் கேட்கவில்லை. 62 ஆனவர்களுக்கு 80 டாலரில் ஆயுள் முழுக்கத் தேசியப் பூங்கா அட்டை கிடைக்கிறது, அதைக் காட்டினால் பல அரசு முகாம்களில் பாதிக் கட்டணம். இந்த அனுமதிச் சீட்டுக்கு அந்தத் தள்ளுபடியும் செல்லாது. முதியவர் என்று மறுப்பும் இல்லை, சலுகையும் இல்லை.

அப்படியிருந்தும் சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை நரைத்த தலைகள். பக்கத்தில் 79 வயது அம்மாள், தனியாள். 1994 வேன். நான் போன மறுநாள் அவர் மணலில் ஒரு பாயைப் போட்டு, வண்டிக்குள் பாதி உடம்பை நுழைத்து, தண்ணீர் மோட்டாரை மாற்றிக்கொண்டிருந்தார். உதவட்டுமா என்று கேட்கப் போய், சோலார் பையன் ஞாபகம் வர, வாயை மூடிக்கொண்டேன். "அந்த டார்ச்சைக் கொஞ்சம் இப்படிப் பிடி" என்று அவரே கேட்டார். பிடித்தேன். ஊருக்குள் ஹாஜி அலி என்ற ஒட்டகக்காரரின் கல்லறை இருக்கிறது, பிரமிடு போன்ற அதன் உச்சியில் ஒரு உலோக ஒட்டகம் நிற்கும். 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டிப் பார்க்கலாம் என்று அழைத்துவந்த ஆட்களில் ஒருவர். அந்தத் திட்டம் கைவிடப்பட்ட பிறகும் மனிதர் ஊர் திரும்பவில்லை. அவர்தான் எங்களுக்கெல்லாம் முன்னோடி என்று அந்த அம்மாள் சொன்னார்.

குறை இல்லாமல் இல்லை. நெஞ்சு வலி என்றால் பார்க்கர் ஊர் மருத்துவமனைக்கு 35 மைல். ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்தியபின் குளிர் எலும்பைத் தொடும். மேசாவில் மாதிரி, காலை காபிக்கு வரவில்லையே என்று யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

ஓட்டவே முடியாமல் போன பிறகு என்ன என்பதற்கு இந்த மூன்று இடத்திலும் பதில் இல்லை. பதில் தேடியவர்கள் எஸ்கேபீஸ் என்ற ஆர்வி சங்கத்தார். ஜோ, கே பீட்டர்சன் தம்பதி 1978-இல் தொடங்கிய சங்கம் அது. டெக்சாஸில் லிவிங்ஸ்டனில் அவர்களுடைய பார்க்கை ஒட்டி ஒரு பராமரிப்பு மையம் இருக்கிறது. உறுப்பினர்கள் தங்கள் சொந்த வண்டியிலேயே குடியிருந்துகொண்டு சாப்பாட்டுக்கும் உதவிக்கும் அங்கே போய்வரலாம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

எங்கள் முடிவு? இரண்டு பேரும் நடமாடும் வரை ஜனவரி பாலைவனத்தில், பேரன் வரும் மார்ச் எல்லா வயதினருக்குமான பார்க்கில். 55+ பார்க்கை எனக்குப் பிடிக்காமல் இல்லை, ஆனால் அந்த ஒரு மணிக் குளம் எனக்கு ஒத்துவரவில்லை. மனைவி இன்னும் மேசா பக்கம்தான்.

போன வாரம் அந்தப் பார்க்கிலிருந்து போன் வந்தது. என்னைப் பையா என்று கூப்பிட்ட தாத்தா வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டாராம், மகள் வீட்டுக்குப் போகிறார். நிழல் விழும் இடம் அது, வேண்டுமா என்று அன்று போனை எடுத்த அதே அம்மாள் கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றேன். இந்த முறை வண்டியின் வருஷத்தை அவர் கேட்கவில்லை.