ஏற அடிவாரம், இறங்க குப்பனூர்: கோடை விழா ஒருவழிப் பாதையில் சேலம்

ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் மே மாத நாட்களில் மலைப்பாதையை ஒருவழியாக்கிவிடுகிறார்கள். ஏறுவது அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக; இறங்குவது கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக. ஊரில் இருப்பவர்களுக்கு இது பழைய செய்தி. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை விட்டதும் டிக்கெட் போட்டு வந்து, "நாலு மணிக்கு ஏரியைச் சுத்திட்டுக் கிளம்பினா அஞ்சேகாலுக்கு ஜங்ஷன்" என்று பழைய கணக்கிலேயே ரயிலைப் பிடிக்க நினைப்பவர்களுக்குத்தான் சிக்கல். அந்தக் கணக்கு குப்பனூர் வழியில் செல்லாது. அதுவும் மலையில் அல்ல. மலையை விட்டு இறங்கி, அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகு, பொன்னம்மாப்பேட்டை ரயில்வே கேட்டில்தான் கணக்கு உதைக்கிறது.

ஒருவழி ஆக்கியதில் தப்பு சொல்ல முடியாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் பேருந்து திரும்பும்போது முன்சக்கரம் வெளி ஓரத்தைத் தொட்டுக்கொண்டும் பின்சக்கரம் உள் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டும் போகும். சாலையின் முழு அகலமும் அந்த ஒரு வண்டிக்கே வேண்டும். எதிரே இறங்கும் கார் வளைவுக்கு மேலேயே நின்று வழி விட்டால் பிரச்சினை இல்லை. நிற்காமல் மூக்கை நுழைத்துவிட்டால் பேருந்து பின்வாங்கியாக வேண்டும். அதன் பம்பரை ஒட்டி நிற்கும் கார்களும் மேட்டில் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அதில் ஒருவருக்குக் கை நடுங்கி வண்டி ஆஃப் ஆனால் போதும், கீழ் வளைவு வரைக்கும் அடைத்துக்கொள்ளும். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழி விட வேண்டும் என்பது சட்டமே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை யாருக்கு ஞாபகப்படுத்துவது? ஒருவழியில் இந்த முடிச்சே விழுவதில்லை. குரங்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு இரண்டாம் கியரில் நிதானமாக ஏறலாம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அழுத்தியபடியே ஏறிய பாதையா இது என்று இருக்கும்.

குறை, அறிவிப்பில். இறங்கும் வழி குப்பனூர்தான் என்பது வண்டி தடுப்பின் முன்னால் போய் நின்ற பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. கயிறு கட்டிய இரும்புத் தடுப்பு, விசில், கையைக் காட்டி "அந்தப் பக்கம் போங்க". எவ்வளவு தூரம், எங்கே போய்ச் சேரும், பைபாஸ் பிடிக்க எங்கே திரும்புவது, எதுவும் கிடையாது. சிங்கப்பூர் எக்ஸ்பிரஸ்வேக்களில் அடுத்தடுத்த வெளியேறும் வழிக்கு எத்தனை நிமிடம் என்று மின்பலகை முன்கூட்டியே சொல்லிவிடும். ஆர்ச்சர்ட் ரோடு ஒருவழி என்பதை அதற்குள் நுழைந்த பிறகு தெரிந்துகொண்டவர் யாரும் இருக்க முடியாது. இங்கே மின்பலகை கேட்கவில்லை. அடிவாரம் சோதனைச் சாவடியில் ஒன்று, ஒண்டிக்கடை ரவுண்டானாவில் ஒன்று, படகு இல்லம் பார்க்கிங்கில் ஒன்று என்று மூன்று ஃபிளெக்ஸ் போர்டு போதும். கட்சிக்காரர் பிறந்தநாளுக்கு ஒரே ராத்திரியில் முப்பது வைக்கிற ஊர் இது.

இறங்கும் பாதையைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் அந்த 1,200 மீட்டரை இறங்கும்போது கழிக்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 5 யூனிட் மின்சாரம். 1,000 வாட் ஹீட்டரை ஐந்து மணி நேரம் போட்டு வைத்தால் வரும் சூடு அது. காற்றும் டயரும் கொஞ்சம் தின்றதுபோக மீதியை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும். நியூட்ரலிலோ நாலாம் கியரிலோ இறங்கினால் எல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழும். கொட்டச்சேடு தாண்டியதும் வரும் கருகல் வாடைக்கு இதுதான் காரணம்.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டு, செங்குத்தான இடத்தில் ஒன்று. பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே உரசிக்கொண்டு வரக் கூடாது. வேகம் ஏறியதும் நன்றாக ஒருமுறை அழுத்தி, குறைத்து, காலை எடுத்துவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகி வந்தவர்கள் 'டி'யிலேயே விட்டுவிட்டு இறங்குவதுதான் அதிகம். 'எல்', '2' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டர் இன்னும் மோசம். ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு வேகமும் குறைந்தால் கிளட்ச் விலகிவிடும், இன்ஜின் பிடிமானமே இருக்காது. இருவர் உட்கார்ந்து டிரம் பிரேக்கை மட்டும் நம்பி முழு மலையையும் இறங்குவது வேண்டாத வேலை. அங்கங்கே நிறுத்தி ஆறவிட்டு இறங்குவதுதான் வழி.

வாடகைக்கு எடுத்த வண்டி என்றால் (கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து) கிளம்பும் முன்பே பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். புதிய டாட் 3 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியதும் 140 வரைக்கும் இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி நிற்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. பெடல் தளர்வதாகத் தோன்றிய உடனே கியரைக் குறைத்து அகலமான இடம் பார்த்து ஒதுங்க வேண்டும். இருபது, முப்பது நிமிடம் ஆறினால் பெடல் திரும்ப இறுகும். நின்றதும் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுபவர்களைப் பார்க்கலாம். சூடான டிஸ்க் வளைந்துவிடும், ஊற்றாதீர்கள். ஹேண்ட் பிரேக்கையும் இழுக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிறகு ஆயிலை மாற்றாமல் இன்னொரு மலை ஏறக் கூடாது.

எதிரே வண்டி வராது என்று முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வதும் ஆபத்து. வழியில் ஊர்கள் இருக்கின்றன, எஸ்டேட் ஆட்களின் பைக் வரும், ஆம்புலன்ஸ் வரும். மத்தியானத்துக்கு மேல் கோடை மழை பிடித்துவிட்டால் சில்வர் ஓக் இலைகள் தார் மேல் ஒட்டி வழுக்கும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைத் திரைதான் தெரியும். லோ பீமில் வாருங்கள்.

இனி கேட். குப்பனூரிலிருந்து ஊருக்குள் வர, கையில் இருக்கும் போன் வலசையூர், வீராணம், பொன்னம்மாப்பேட்டை என்று குட்டையான வழியைக் காட்டும். கிலோமீட்டரில் அது குட்டைதான். ஆனால் சேலம் டவுனிலிருந்து விருத்தாசலம் போகும் ரயில் பாதை ஊரின் கிழக்குப் பாதியைக் குறுக்கே வெட்டுகிறது. முள்ளுவாடி கேட்டில் மேம்பாலம் வந்துவிட்டது. பொன்னம்மாப்பேட்டைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட் மூடியதும் முதலில் பைக்குகள் இடது ஓரமாக முன்னேறும். பிறகு ஆட்டோ வலது பக்கம் ஏறி நிற்கும். அதன் பின்னால் ஒரு கார், "அவன் போறான், நாம ஏன் நிக்கணும்" என்று. ரயில் வருவதற்குள் சாலையின் முழு அகலமும் நிரம்பிவிடும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் அப்படியே. கேட் திறந்ததும் இரண்டு கூட்டமும் முகத்தோடு முகம். போக ஆளுக்கு ஒரு தடம் இல்லை. நிமிடத்துக்கு 15 வண்டி வந்தால்கூட, கேட் எட்டு நிமிடம் மூடியிருந்தால் ஒரு பக்கம் 120 வண்டி சேரும். அது கலைவதற்குள் அடுத்த முறை கேட் விழுந்தால் முந்தின வரிசையின் வாலே இன்னும் நிற்கும். மலையிலிருந்து ஒருவழியாகத் தள்ளிவிட்ட கூட்டம், மாலை ஐந்து மணிக்கு, இதே வரிசையில் வந்து சேர்கிறது.

பாலம் கட்டும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்டுக்கு இரண்டு பக்கமும் நூறு, நூற்றைம்பது மீட்டருக்கு நடுவில் கான்கிரீட் தடுப்பு வைத்தாலே வலது பக்கம் ஏறுவது நின்றுவிடும். சிங்கப்பூரில் மஞ்சள் கட்டம் போட்ட சந்திப்பில் வெளியேற இடம் இல்லாமல் உள்ளே நுழைந்தால் அபராதம். கிராஞ்சி பக்கம் இருந்த ரயில்வே கேட்டும் 2011-ல் ரயில் நின்றதோடு போயிற்று. அங்கிருந்து வருகிறவருக்கு இந்தக் காட்சி ரத்தக் கொதிப்பு. ஊர்க்காரருக்கு இன்ஜினை ஆஃப் செய்து ஒரு தட்டுவடை செட் வாங்கித் தின்ன ஒரு சந்தர்ப்பம். பாதி நேரம் அவர்தான் புத்திசாலி என்று தோன்றுகிறது.

எரிச்சலுக்கு இன்னொரு காரணம், பாலம் இல்லாத ஊர் அல்ல இது. ஐந்து ரோட்டில் 2020 ஜூனில் முழுதாகத் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் 7.87 கிலோமீட்டர் நீளம், 441 கோடி ரூபாய் செலவு. ஒரு கை குரங்குச்சாவடியையும் அண்ணா பூங்காவையும் இணைக்கிறது, இன்னொன்று ஏ.வி.ஆர். ரவுண்டானாவையும் ராமகிருஷ்ணா ரோட்டையும். எந்தக் கை என்று ஏறும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் மனசு மாற முடியாது. ஐந்து பக்கமும் பேருந்து முட்டிக்கொண்டு, நடுவில் வேர்த்து நின்ற போலீஸ்காரரைப் பார்த்துப் பரிதாபப்பட்ட காலம் போய்விட்டது, அதில் சந்தோஷமே. ஆனால் அது முழுக்க மேற்கே. மலைக் கூட்டம் இறங்குவது கிழக்கே. மேற்கில் பாலத்தையும் கிழக்கில் கூட்டத்தையும் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் கடைவீதி, அம்மாப்பேட்டை, பழைய பேருந்து நிலையம்.

ஏரிக்கரையில் நெரிசல் குறையாததற்கும் ஒருவழியைக் குறை சொல்ல வேண்டாம். பாதை சரளமானால் வண்டி சீக்கிரம் மேலே வந்து சேரும். நிறுத்த இடம் அதேதான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டுவந்தபோது, மேலே எத்தனை வண்டி போகிறது என்று கீழேயே எண்ண முடிந்தது. விழா வாரத்துக்கு மட்டுமாவது அப்படி எண்ணினால் பாதிப் பிரச்சினை அடிவாரத்திலேயே தீரும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: குப்பனூரில் போன் சொல்வதைக் கேட்காமல் அயோத்தியாப்பட்டணம் பக்கம் திரும்புங்கள். அங்கிருந்து அம்மாப்பேட்டைக்குள் நுழையாமல் உடையாப்பட்டி பைபாஸ், எருமாபாளையம், சீலநாயக்கன்பட்டி. நாமக்கல், கரூர் போகிறவர்கள் அங்கேயே பிரியலாம். ஈரோடு, கோவைக்குக் கொண்டலாம்பட்டி. ஓமலூர், தருமபுரி, பெங்களூருக்கு அதையும் தாண்டி கந்தம்பட்டி, மாமாங்கம். ஜங்ஷனில் ரயில் பிடிக்க வேண்டியவர்களும் கந்தம்பட்டி வரைக்கும் சுற்றி வந்து சூரமங்கலத்துக்குள் நுழைவதுதான் நல்லது. தூரம் கூடும், பொன்னம்மாப்பேட்டை கேட் கிடையாது. ஏரிக்கரையிலிருந்து ரயில் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். ரயில் ஏழு மணிக்குள் என்றால் அன்றைக்கு ஏற்காடு வேண்டாம், மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.