ரௌட்டரின் இரண்டாவது பூட்டைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார்கள்

வீட்டு வைஃபையை யாரோ வந்து பொருத்திக்கொடுத்த நாளிலிருந்து அந்தப் பெட்டியைத் தொட்டே பார்க்காதவர்கள் இதைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் "நம்முடையது அது இல்லை" என்று நிம்மதியாகிவிடுவீர்கள்.

பொருத்த வந்த இளைஞர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார். "உங்கள் செல்பேசி எண்ணையே கடவுச்சொல்லாகப் போட்டிருக்கிறேன் சார், மறக்கவே மறக்காது" என்றார். எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. என் எண் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். எண்கள் மட்டுமே கொண்ட 10 இலக்கக் கடவுச்சொல்லை, இணைப்பு ஏற்படும் கணத்தின் அலைகளைப் பதிவு செய்துகொண்டு போய், நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

இரண்டு மாதம் கழித்து அப்பாவின் செல்பேசியில் தொல்லை ஆரம்பித்தது. எதைத் திறந்தாலும் பரிசு விழுந்திருப்பதாக ஒரு பக்கம் குறுக்கே வந்து நின்றது. வைரஸ் என்று நினைத்து, செல்பேசியை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக அமைத்துக்கொடுத்தேன். (அதோடு போன படங்களைப் பற்றி அப்பா இன்னமும் பேசுகிறார்.) மறுநாளே அதே பக்கம் திரும்ப வந்தது. பிறகு என் மடிக்கணினியிலும். வீட்டுக்கு வெளியே போய் செல்பேசி டேட்டாவில் திறந்தால் மட்டும் ஒன்றும் இல்லை. அப்போதுதான் உறைத்தது: கோளாறு கருவிகளில் இல்லை, சுவரில் தொங்கும் பெட்டியில் இருக்கிறது.

ரௌட்டருக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று, வைஃபையில் சேர்வதற்கான கடவுச்சொல். இன்னொன்று, ரௌட்டரின் அமைப்புகளுக்குள் போவதற்கானது. முதல் பூட்டைத்தான் எல்லாரும் பேசுகிறோம். பிரவுசரில் ரௌட்டரின் முகவரியான 192.168.1.1 என்று அடித்தேன். பயனர் பெயர் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. முதல் முயற்சியிலேயே திறந்துகொண்டது. உள்ளே, இணையத்தின் எந்த மூலையிலிருந்தும் இந்தப் பக்கத்துக்கு வர அனுமதிக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' கட்டத்தில் அழகாக ஒரு டிக். அதாவது, என் வீட்டுக்கு அருகில்கூட யாரும் வரவேண்டியதில்லை. இப்படித் திறந்து கிடக்கும் கருவிகளை ஆள் உட்கார்ந்து தேடுவதுமில்லை, நிரல்களே தேடுகின்றன. 2016-இல் பரவிய மிராய் என்ற நிரல், தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பும் கடவுச்சொற்கள் 60-க்கும் மேற்பட்டவற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் வளைத்துப்போட்டது.

என் ரௌட்டரில் டிஎன்எஸ் முகவரிகள் இரண்டையும் மாற்றியிருந்தார்கள். நாம் ஒரு தளத்தின் பெயரை அடித்ததும் அது எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்வது டிஎன்எஸ். வழி சொல்பவனே திருடனோடு சேர்ந்துகொண்டால், சரியான பெயரை அடித்தும் தவறான வாசலில் போய் நிற்போம். என் மனைவி அப்படித்தான் நின்றிருக்கிறார். அலுவலக மின்னஞ்சலைத் திறந்தபோது 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் முழுத் திரையில் எச்சரித்திருக்கிறது. அவசரத்தில் 'தொடர்க' என்பதை அழுத்திக் கடவுச்சொல்லைப் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த எச்சரிக்கையை நானும் எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன்.

மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றியதும் முடிந்தது என்றிருந்தோம், முடியவில்லை. மின்னஞ்சல் அமைப்புகளைத் துழாவியபோது, வருகிற ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கு அனுப்பச் சொல்லும் விதி ஒன்று இருந்தது. கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருந்தது. மூன்று வாரக் கடிதங்கள் போயிருந்தன. வங்கிக் கணக்கு அறிக்கை, அவருடைய மருத்துவப் பரிசோதனை முடிவு, எல்லாம்.

வாடிக்கையாளர் சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் அழைப்பில் "உங்கள் செல்பேசியில் வைரஸ் இருக்கும்." இரண்டாவதில் "ரௌட்டரை ரீசெட் செய்யுங்கள்." செய்தேன். டிஎன்எஸ் சரியானது, கூடவே 'அட்மின், அட்மின்' உயிர்பெற்றது, ரிமோட் மேனேஜ்மென்ட் டிக்கும் திரும்ப வந்தது. அப்படியானால் இது அந்த இளைஞரின் மறதி அல்ல. நிறுவனமே பெட்டியை அப்படித்தான் அனுப்புகிறது. மூன்றாவது அழைப்பில் இதைச் சொன்னேன். "பதிவு செய்துகொண்டோம்" என்றார்கள். மாலையில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது.

பிறகு நானே உட்கார்ந்தேன். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, ரிமோட் மேனேஜ்மென்டை அணைத்து, ரௌட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தேன். வைஃபைக்கு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமான கடவுச்சொல் வைத்தேன். கடவுச்சொல்லுக்குப் பதில் ஓர் எண்ணைப் போட்டே வைஃபையில் சேரவிடும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியையும் அணைத்தேன். அதன் 8 இலக்க எண்ணை இரண்டு பாதிகளாகப் பிரித்தே ரௌட்டர் சரிபார்க்கிறது என்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் உடைத்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியான செய்தி. இன்னும் அதை எதற்குத் திறந்து வைத்து விற்கிறார்களோ! விருந்தினருக்குத் தனி வலையமைப்பு வைத்துவிட்டேன். தொலைக்காட்சியும் அதில்தான்.

வந்த பயத்தில் செல்பேசியில் சேமித்திருந்த வைஃபை பட்டியலையும் பார்த்தேன். 41 பெயர்கள். விமான நிலையம், விடுதி, எப்போதோ போன மருத்துவமனை. கடவுச்சொல் இல்லாத ஒரு பெயரைச் செல்பேசி நினைவில் வைத்திருந்தால், அதே பெயரில் யார் கடை விரித்தாலும் நம்மைக் கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். பெயருக்குக் காப்புரிமை எதுவும் கிடையாது. முகவரி 'https' என்று தொடங்கும் தளங்களில் நாம் எழுதுவதை நடுவில் இருப்பவர் படிக்க முடியாதுதான். எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டித் தன் வழியாக அனுப்பும் விபிஎன் சேவை அதை மறைக்கும், ஆனால் அதே விவரத்தை விபிஎன் நடத்துபவர் கையில் கொடுக்கும். இலவசமாகக் கொடுக்கிறவர் எதற்குக் கொடுக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 41-இல் 38-ஐ அழித்தேன்.

போன வாரம், 'தீர்க்கப்பட்ட' அதே புகாருக்காக வேறொருவர் வந்தார். என்ன பிரச்சினை என்று கேட்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, ரௌட்டர் பக்கத்துக்குப் போய், விரல்கள் தாமாகவே 'அட்மின், அட்மின்' அடித்தன. திறக்கவில்லை. மறுபடி அடித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "யாரோ உள்ளே புகுந்து கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார்கள், சார்" என்றார்.