ஏழு நாள் மாத்திரைப் பெட்டி: இரண்டு ஐபிஎல் சீசன் உழைத்த பிறகு

திருவல்லிக்கேணியில் ஒரு மருந்துக்கடையில் 140 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனி பெயர் எதுவும் இல்லாத வெளிர்நீல பிளாஸ்டிக் பெட்டி. ஒரு நாளைக்கு இரண்டு வீதம் பதினான்கு அறைகள். காலைக்குச் சூரியன் படம், இரவுக்குப் பிறை. "அம்மாவுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குத்தான். விளையாட்டு நிருபர் வேலை, கூடவே டிப்ரெஷன். ஸ்ட்ரெஸ் என்று சொன்னால் அலுவலகத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள், டிப்ரெஷன் என்றால் பேச்சு நின்றுவிடும். 2019 அக்டோபரில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் கிளென் மேக்ஸ்வெல் மனநலக் காரணத்துக்காக ஓய்வு எடுத்துக்கொண்ட செய்தியை டெஸ்க்கில் எழுதியது நான்தான். அதற்குச் சில நாள் முன்புதான் அடிலெய்டில் இலங்கைக்கு எதிராக 28 பந்தில் 62 அடித்திருந்தார். "நல்லாத்தானே ஆடினான், அவனுக்கு என்னவாம்?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். நானும் அன்று நாலு செய்தி கொடுத்திருந்தேன். பல் தேய்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

சரி, பெட்டிக்கு வருகிறேன். மாத்திரை ஆரம்பித்த பிறகு என்னைப் படுத்தியது ஒரே ஒரு கேள்விதான்: இன்றைக்குப் போட்டேனா? ஸ்டிரிப்பில் எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணுவேன். நேற்று எத்தனை இருந்தது என்பது மறந்திருக்கும். இதே ஆள்தான் பத்து வருடத்துக்கு முந்தைய ஸ்கோர்கார்டைப் பார்க்காமல் ஒப்பிப்பாள். அந்தக் கேள்விக்குப் பெட்டி பதில் சொல்கிறது. அறை காலி என்றால் போட்டாயிற்று. அவ்வளவுதான் அதன் வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறது.

குறைகள் உண்டு. மூடிமேல் கிழமைகளின் ஆங்கில முதலெழுத்து மட்டும் பொறித்திருக்கிறார்கள். அதில் 'எஸ்' இரண்டு, 'டி' இரண்டு. கடையில் நிற்கும்போது இது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. தெரிந்தது 2023 ஐபிஎல் இறுதிப்போட்டிக்கு அகமதாபாத் போனபோதுதான்.

போட்டி மே 28, ஞாயிறு. ஒரு பந்துகூடப் போடவிடாமல் மழை. திங்கள்கிழமைக்குத் தள்ளினார்கள். அன்று குஜராத் 214; அதில் அவர்களுக்கு ஆடும் நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன் 47 பந்தில் 96. சென்னை மூன்று பந்து ஆடியதும் மறுபடி மழை. நள்ளிரவு தாண்டித்தான் ஆட்டம் தொடர்ந்தது, 15 ஓவரில் 171 என்று இலக்கை மாற்றி. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவைப்பட, மோகித் சர்மா பந்துவீச்சில் சென்னையின் ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்து முடித்தபோது தேதி மே 30 ஆகியிருந்தது. குஜராத் ஜெயித்தால் ஒன்று, சென்னை ஜெயித்தால் ஒன்று என்று இரண்டு லீட், அதாவது செய்தியின் முதல் பத்தி, தயாராக வைத்திருந்தேன். ஒன்றை அழித்துவிட்டு மற்றதை அனுப்பினேன். 'அரங்கமே அதிர்ந்தது' என்று எழுதியிருந்தேன். அதிர்ந்தது உண்மைதான். எனக்குள்தான் ஒன்றும் அசையவில்லை.

விடுதி அறைக்கு வரும்போது மணி நாலு. அப்போதெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மாத்திரை. திங்கள் இரவு மாத்திரையைப் போடவில்லை, மணியோ செவ்வாய் அதிகாலை. எந்த அறையைத் திறப்பது? தூக்கக் கலக்கத்தில் ஒரு 'டி'யைத் திறந்து விழுங்கிவிட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தால் திங்கள் அப்படியே இருக்கிறது, செவ்வாயும் இருக்கிறது, வியாழன் காலி. போட்டது எந்த நாள் கணக்கு என்று கட்டிலில் உட்கார்ந்து யோசித்ததில் அழுகை வந்துவிட்டது. கோப்பை ஜெயித்தபோது வராத அழுகை.

ஊர் வந்ததும் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தூங்கி எழுந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்கு எழுந்தாலும் சரி என்று மாற்றிக் கொடுத்தார். விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது, நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது என்றும் சொன்னார். (உங்கள் மருந்துக்கு உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.)

அப்புறம் மூடிகளின் மேல் மார்க்கரால் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று எழுதினேன். தமிழில் ஏழும் ஏழு விதம், குழப்பமே இல்லை. மார்க்கர் ஒரே மாதத்தில் அழிந்துவிட்டது. மறுபடி எழுதி மேலே செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன்.

இன்னொரு குறை, மூடியின் கொக்கி. லேப்டாப் பையில் சார்ஜரோடு உரசித் திறந்துகொள்கிறது. ரப்பர் பேண்ட் போட வேண்டும். சென்னைக் காற்றுக்கு உறையிலிருந்து பிதுக்கிய மாத்திரை நமுத்துப்போகலாம் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். அதனால் ஸ்டிரிப்பைக் கத்தரியால் வெட்டி உறையோடு போடுகிறேன். அறை கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் கொள்ளும். இரவு அறைகள் ஏழும் இப்போது காலி. இரண்டில் ஏலக்காய், ஒன்றில் மெமரி கார்டு.

சேப்பாக்கத்தில் ஒரு மதியம், அன்றைக்கு எழுந்ததே பதினோரு மணிக்கு, மீடியா அறையில்தான் பெட்டியைத் திறந்தேன். மூத்த புகைப்படக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "என்னம்மா, விட்டமினா?" என்றார். "ஆமாண்ணே." அடுத்த மேட்சுக்கு வந்தபோது அந்தப் பெட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பிபி மாத்திரைக்கு என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

மேட்ச் நாட்களில் எப்படியும் எழுந்துவிடுவேன். சீசன் முடிந்த ஜூன் மாதம்தான் கஷ்டம். எழுதவும் ஒன்றும் இருக்காது, எழுந்திருக்கவும் காரணம் இருக்காது. போன ஜூனில் ஒரு வாரம் முழுக்க நான் உருப்படியாகச் செய்த காரியம் ஞாயிறன்று அறைகளை நிரப்பியதுதான்.

ஐந்துக்கு மூன்றரை. கொக்கிக்காக ஒன்று, 'டி'க்காக அரை குறைத்தேன். வாங்குபவர்கள் மூடியைக் கடையிலேயே நாலு தடவை திறந்து மூடிப் பாருங்கள்.