தமிழ்99ஆ, அஞ்சலா? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற விசைமுகம்

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில், பழையவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் எங்கள் ஊரில், கோவில் மண்டபத்தின் ஓரத்தில் சனிக்கிழமை காலைதோறும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறோம். மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கும் இவர்களுக்கு மலாயும் ஆங்கிலமும் ஒரே உரோமன் விசைகளில் அடங்கிவிடுவதால் அவற்றில் வாதத்துக்கு இடமில்லை. தமிழை எந்த விசைமுகத்தில், அதாவது விசைகளில் எழுத்துகளை அமைத்த எந்த முறையில், தொடங்குவது என்பதில்தான் ஆசிரியர்களாகிய எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

பழைய தட்டச்சுப்பொறி முறையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் ஒற்றைக்கொம்பை முதலில் அடித்து மெய்யைப் பிறகு அடிப்பது, காகிதத்தில் எழுத்து விழுந்த காலத்துத் தேவை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைச் சுமத்த வேண்டியதில்லை.

அஞ்சல் முறை, மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் வழியாக நம்மிடையே பரவியது. தமிழ் ஒலியை உரோமன் எழுத்துகளில் தட்டினால் திரையில் தமிழ் வரும். மலாய்ப் பாடத்துக்காக விசைகளை முன்பே பழகிய பிள்ளை முதல் நாளிலேயே 'அம்மா' என்று அடித்துவிடுகிறது. விசைகளின் மேல் எதையும் ஒட்ட வேண்டியதில்லை. இந்த எளிமையைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் அந்த எளிமைக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. லெட்சுமி என்னும் சிறுமி தன் பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியே, முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகவும் கடைசி எழுத்தை 'வை' (y) ஆகவும் வைத்து உரோமனில் அடித்தாள். திரையில் 'ளெட்சும்ய்' என்று வந்தது. பெரிய 'எல்' (L) அடித்தால் ளகரம் வரும், இறுதி இகரத்துக்கு ஆங்கில 'ஐ' (i) வேண்டும் என்று விளக்கியபோது, "அப்படின்னா என் பேர தப்பா எழுதியிருக்காங்களா, டீச்சர்?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? இன்னொரு நாள் ஷிப்ட் விசையை அழுத்தத் தவறிய ஒரு சிறுவன், 'நான் பல்லிக்குப் போகிறேன்' என்று எழுதி வகுப்பையே சிரிக்க வைத்தான். லகர ளகர, ரகர றகர வேறுபாடுகளை நாவிலும் கையெழுத்திலும் பழக்க நாம் படும் பாடு போதாதென்று, இங்கே அவை ஷிப்ட் விசையின் வேறுபாடாகச் சுருங்கிவிடுகின்றன.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டி வரையறுக்கப்பட்ட தமிழ்99 வேறு வழியில் செல்கிறது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம்; 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என 31 விசைகளுக்குள் ஆய்தம் நீங்கலான தமிழ் எழுத்துகள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஆய்தத்துக்கும் கிரந்தத்துக்கும் மட்டுமே ஷிப்ட் தேவை. ககரத்தோடு இகரம் சேர்ந்தால் கி என்று வகுப்பில் படித்ததையே விரலும் செய்கிறது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும் என்பதால் 'பள்ளி' நான்கே தட்டல்களில் முடிகிறது. அஞ்சலில் ஐந்து, அவற்றுள் இரண்டு ஷிப்டோடு.

குறைகளும் உண்டு. தானாக விழும் அதே புள்ளிதான் 'பப்பாளி'யைக் கெடுக்கும்: முதல் பகரத்துக்குப் பின் அகரத்தைத் தட்டாவிட்டால் சொல்லின் தொடக்கத்திலேயே புள்ளி வந்து உட்கார்ந்துகொள்ளும். ண, ந, ய, ச, ஞ, ழ ஆகிய ஆறும் வலக்கைச் சுண்டுவிரலின் பங்கு. சிறு பிள்ளையின் விரல் சகரத்தை எட்டக் கை முழுவதும் நகர்கிறது. முதல் மாதம் அழுகைதான் என்று சக ஆசிரியர் சொல்வதில் மிகையில்லை.

இருந்தாலும் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ்99ஐயே தருவேன். எழுத்துக்கூட்டல் மனத்தில் படியும் வயதில் அதற்கு உரோமன் இடைத்தரகர் வேண்டாம். வீட்டுக் கைப்பேசியில் வரும் புலன (வாட்ஸ்அப்) செய்திகளில் அவர்கள் உரோமனில் எழுதிய தமிழைப் போதிய அளவு பார்க்கிறார்கள். ஆறாம் ஆண்டில் வந்து சேர்பவருக்கு அஞ்சலே போதும். சில மாதங்களில் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறவரைப் புதிய விசைமுகத்தோடு மல்லுக்கட்ட வைத்தால் தமிழில் தட்டுவதையே விட்டுவிடுவார்.

இப்போது எங்கள் மண்டபத்தில் நான்கு மடிக்கணினிகளில் தமிழ்99 ஒட்டிகளும் மற்ற இரண்டில் வெறும் விசைகளும் இருக்கின்றன. ஒட்டிகளில் சகரத்தை மட்டும் யாரோ நகத்தால் சுரண்டிக்கொண்டே இருக்கிறார்கள்.